முதல் டிரையத்லான்: சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு நண்பகல் வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய டிரையத்லானில், ஒரு துறையில் நேர்ந்த சிறு பிழை அந்தத் துறையோடு நிற்பதில்லை. அடுத்ததற்குள் கசிந்து, அங்கே வேறொரு உருவத்தில் பெரிதாகிறது. கடலில் விழுங்கிய உப்புநீர் சைக்கிளில் தாகமாகிறது. அந்தத் தாகத்தில் அளவின்றிக் குடித்த தண்ணீர் ஓட்டத்தில் வயிற்றுப் பிடிப்பாகிறது. மணலைக் கழுவாமல் மாட்டிய காலுறை ஐந்தாவது கிலோமீட்டரில் கொப்புளமாகிறது. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு சனவரி இறுதியில் நடந்த போட்டியில், நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாகக் கலந்துகொண்ட எனக்கு இவை அனைத்தும் ஒரே காலையில் நேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை முதல் நாளே விதைக்கப்பட்டவை என்பதைப் பின்னர் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுகொண்டேன். எனவே இந்த வழிகாட்டியைப் பயிற்சி அட்டவணையாக எழுதாமல், அந்த இரண்டு நாட்கள் சென்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொலைவைத் தேர்ந்தெடுப்பது

ஒலிம்பிக் தொலைவு எனப்படுவது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது நடத்தப்பட்டது இதுவே. இதில் சரிபாதியாக, 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. என்று அமைவது ஸ்பிரின்ட் தொலைவு. கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியில் 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் ஓட்டி, 21.1 கி.மீ. ஓட வேண்டும். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேன் இதைப்போல் இரு மடங்கு நீளமானது. புதியவர் ஸ்பிரின்டில் தொடங்குவதே நல்லது. நான் அவ்வாறு செய்யாமல் நேராக ஒலிம்பிக் தொலைவுக்குப் பெயர் கொடுத்தேன். ஐந்து மாதப் பயிற்சியில் மூச்சும் கால்களும் அந்தத் தொலைவுக்குத் தேறியிருந்தன என்றாலும், டயரைக் கழற்றுவது, கடலில் திசை பார்ப்பது, ஈரக்காலில் காலணி மாட்டுவது போன்ற கைப்பழக்கங்கள் தேறியிருக்கவில்லை.

பெயர் கொடுப்பதற்கு முன் மூன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீச்சல் குளத்தில் 2 கி.மீ. தூரத்தை நிற்காமல், அவசரமின்றி நீந்த முடிய வேண்டும். கடலை அறிந்தவர்களுடன் குறைந்தது நான்கு முறையாவது கடலில் நீந்தியிருக்க வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடும் பயிற்சியை ஐந்தாறு முறை செய்திருக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்வது மிகவும் அவசியம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த இறப்புகளையும் இதயத்துடிப்பு நின்றுபோன நிகழ்வுகளையும் ஆராய்ந்தபோது, 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது ஏற்பட்டவை என்று தெரியவந்தது. நீரில் மார்பு இறுகுவதாகவோ தலை சுற்றுவதாகவோ தோன்றினால் அந்த இடத்திலேயே கையை உயர்த்தி உதவி கேளுங்கள். அதன்பின் அன்றைய போட்டியைப் பற்றி நினைக்க வேண்டாம்.

சனிக்கிழமை

பெரும்பாலான போட்டிகளில் சைக்கிளை முதல் நாள் பிற்பகலிலேயே மாற்றிடத்தில் கொண்டுபோய் மாட்டிவைக்கச் சொல்வார்கள். மாற்றிடம் என்பது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் வேலியிட்ட திடல். டிரான்சிஷன் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். சைக்கிளைக் காரில் ஏற்றுவதற்காகச் சக்கரங்களைக் கழற்றியிருந்தால், திரும்ப மாட்டியபின் ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்பது ஓசையிலேயே தெரிந்துவிடும்.

என் தொல்லைகள் தொடங்கியது டயரில். வெள்ளிக்கிழமை இரவு புதிய டயர் மாற்றிய நான், கடைசிப் பகுதியை நெம்புகோலால் அவசரமாக உள்ளே தள்ளியபோது, ட்யூபின் ஓர் ஓரம் டயருக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை காலையில் காற்றை முழு அளவுக்கு அடித்து, சைக்கிளைத் திறந்த வெயிலில் மாட்டிவிட்டு வந்தேன். டயர் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் உள்ளிருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு உயரும். ஒழுங்காக மாட்டிய டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். ட்யூப் சிக்கிய டயர் தாங்காது. பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டாசு வெடித்ததைப் போன்ற ஓசையுடன் என் பின்சக்கர ட்யூப் கிழிந்தது.

டயர் மாற்றும்போது முதலில் சிறிதளவு காற்றை மட்டும் அடித்து, சக்கரத்தின் இரு பக்கங்களிலும் முழுச் சுற்று பாருங்கள். எங்காவது ட்யூப் எட்டிப் பார்த்தால் காற்றை இறக்கி, டயரை விரல்களால் பிசைந்து ட்யூபை உள்ளே அனுப்பிய பிறகே முழுக் காற்றை அடிக்க வேண்டும். சைக்கிள் வெயிலில் நிற்கப்போகிறது என்றால் சிறிது காற்றைக் குறைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கைப்பம்பால் நிரப்பிக்கொள்ளலாம். ட்யூப்கள் இரண்டு உதிரியாக இருக்கட்டும். என்னிடம் இருந்த ஒன்றைச் சனிக்கிழமையே போட்டுவிட்டதால், பந்தயத்துக்கு உதிரி இல்லாமல் போயிற்று. அருகிலிருந்த ஊர்க் கடைகளில் கிடைத்தவை சாதாரண சைக்கிளுக்குரிய ட்யூப்கள். அவற்றின் தடித்த வால்வு, ரேஸ் சைக்கிள் ரிம்மின் சிறு துளைக்குள் நுழையாது. இதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை என்னைக் காப்பாற்றியவர் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். கிழிந்த ட்யூபைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, ஒட்டு வில்லைகளும் சொல்யூஷனும் ஒரு துண்டு உப்புத்தாளும் கொடுத்து, தம்மிடமிருந்த பழைய ட்யூப் ஒன்றை எடுத்து என்னையே இருமுறை ஒட்ட வைத்தார். துளையைச் சுற்றி ட்யூபின் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டை வைத்துவிடாமல், அது காய்ந்து விரலில் லேசாகப் பிசுபிசுக்கும்வரை மூன்று நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒட்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும். “தம்பி, எல்லாத்துக்கும் முன்னாடி டயருக்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து தடவிப் பாருங்க. முள்ளு அங்கயே இருந்துச்சுன்னா எத்தனை ஒட்டு போட்டாலும் நிக்காது” என்றார். பதினெட்டு மணி நேரத்துக்குள் அந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது.

டயர் வேலையில் மூழ்கிப்போனதால் நான் தவறவிட்டது, பாதையை நடந்து பார்ப்பது. கடலிலிருந்து எந்த வழியாக மாற்றிடத்துக்குள் நுழைவோம், நம் சைக்கிள் எந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, எந்த வாசல் வழியாக வெளியேறுவோம் என்பதை வெறுங்காலுடன் நடந்தே பழகிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நிற்கும்போது, நீரிலிருந்து தள்ளாடி வரும் கண்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வேலிக்கு வெளியே உள்ள ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்வது மிகவும் உதவும். இரவு உணவைப் பொறுத்தவரை, நீண்ட பயிற்சிக்கு முந்தைய இரவில் வழக்கமாக உண்பது எதுவோ அதையே உண்ணுங்கள். எனக்கு அது இட்லி. உணவில் மட்டும் எனக்கு எந்தப் பிழையும் நேரவில்லை.

கடல்

கிழக்குக் கடற்கரையில் காலையில் நீந்துகிறவர் மறக்கக் கூடாத ஒன்று, சூரியன் நேர் எதிரே எழுகிறது என்பது. சனவரி இறுதியில் சென்னையில் ஏறத்தாழ 6.35 மணிக்குச் சூரியன் உதிக்கிறது. எங்கள் நீச்சல் 6.45 மணிக்குத் தொடங்கியது. வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் பயிற்சி செய்தபோது அணிந்த, நிறமற்ற நீச்சல் கண்ணாடியையே நானும் அணிந்திருந்தேன். கரையிலிருந்து 300 மீட்டர் தொலைவில் இருந்த செம்மஞ்சள் மிதவை, நீரில் தகதகத்த ஒளிக்குள் அடியோடு மறைந்துபோயிற்று. இந்தக் கரையில் நீந்துவோர் கறுப்புப் பூச்சோ பாதரசப் பூச்சோ உள்ள கண்ணாடியை வாங்கி, அதை அணிந்தே கடலில் பழகுங்கள்.

குளத்தில் அடித்தரையில் உள்ள கறுப்புக் கோடு நம்மை நேராக அழைத்துச் செல்லும். கடலில் அந்தக் கோடு இல்லை. ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை, தலை முழுவதையும் தூக்காமல், கண்கள் மட்டும் நீருக்கு மேல் வரும் அளவுக்கு உயர்த்திப் பார்த்து, உடனே பக்கவாட்டில் மூச்செடுக்க வேண்டும். தலையை அதிகம் தூக்கினால் கால்கள் அமிழ்ந்து வேகம் குறையும். அலையும் வாய்க்குள் புகும். எனக்கு அப்படிப் புகுந்த உப்புநீரின் விளைவைச் சைக்கிளில் அனுபவித்தேன்.

நீரோட்டத்தைப் பற்றி உள்ளூர் மீனவர்களிடம் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்கே செல்லும் ஓட்டத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே செல்வதைத் தெண்டி என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஆண்டின் எந்தப் பருவத்தில் எது வலுக்கும் என்பது அவர்களுக்கு அன்றாட அறிவு. விநாடிக்கு 20 செ.மீ. என்ற மெல்லிய ஓட்டம்கூட, 300 மீட்டர் தொலைவை ஏழு நிமிடத்தில் நீந்துகிறவரை ஏறத்தாழ 85 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒளியில் கண் கூசி, மிதவை இருக்கலாம் என்று நினைத்த திசையில் நீந்திய நான் அதற்குத் தெற்கே வெகுதூரம் ஒதுங்கிவிட்டேன். பாதுகாப்புக்காக ஃபைபர் படகில் நின்றிருந்த மீனவ இளைஞர் ஒருவர், “அண்ணே, வன்னி இழுக்குது! மிதவையைப் பாக்காதீங்க, அதுக்கு வடக்க பாத்து நீந்துங்க!” என்று கத்தினார். சேர வேண்டிய இடத்துக்கு ஓட்டம் வரும் பக்கமாகக் குறிவைத்து நீந்தினால் ஓட்டமே நம்மை மிதவையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற அந்தப் பாடத்தால், இரண்டாம் சுற்றில் அதே தொலைவை மூன்று நிமிடம் குறைவாக முடித்தேன். கரைக்குத் திரும்பும்போது நீர்த்தொட்டி, கைபேசிக் கோபுரம் போன்ற உயரமான ஒன்றைக் குறியாகக் கொள்ளுங்கள்.

கரையை ஒட்டி உடையும் அலைகளை எதிர்த்து நின்றால் அவை நம்மைத் தூக்கி எறியும். அலை வரும்போது அதன் அடியில் மூழ்கி, அது தலைக்கு மேல் கடந்தபின் எழ வேண்டும். முதல் 200 மீட்டரில் மூச்சு முட்டுவது புதியவர்கள் பலருக்கும் நேர்வது. கூட்டத்தின் நடுவில் நிற்காமல் ஓரமாகப் புறப்பட்டு, வழக்கத்தைவிட மெதுவாக நீந்துங்கள். அப்படியும் பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பாதுகாப்புப் படகையோ கயாக்கையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறுவதைப் பொதுவாக விதிகள் அனுமதிக்கின்றன. அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. கழுத்தில் உடை உரசும் இடத்தில் முன்பே வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். உப்புநீரில் நனைந்த துணி அரைமணி நேரத்தில் தோலை உரித்துவிடும்.

மாற்றிடம்

இங்கே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஹெல்மெட்டை அணிந்து அதன் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும்; திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகே வாரை அவிழ்க்க வேண்டும். நான் ஹெல்மெட்டை அணிந்தேன், ஆனால் வாரைப் பூட்டாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினேன். நடுவர் நிறுத்தி, அங்கேயே பூட்டச் செய்த பிறகுதான் அனுப்பினார். அவர் செய்தது முற்றிலும் சரி. வீட்டில் ஹெல்மெட், கண்ணாடி, காலணி, எண் அட்டை கோத்த இடுப்புப்பட்டை என்று ஒரே வரிசையில் இருபது முறை எடுத்துப் பழகினால், களைத்த மூளைக்கும் அந்த வரிசை மறக்காது.

காலுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை மணலில் ஓடிவந்த கால்களைத் துண்டால் துடைத்தால் மட்டும் மணல் போகாது. ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை அங்கே வைத்திருந்து, விரலிடுக்குகள்வரை கழுவித் துடைத்து, முன்பே பவுடர் தூவிவைத்த காலுறையை மாட்டுங்கள். இதற்கு நாற்பது விநாடி ஆகும். அந்த நாற்பது விநாடியை மிச்சப்படுத்திய நான், ஓட்டத்தின் பின்பாதியில் இரு குதிகால்களிலும் கொப்புளத்துடன் பல நிமிடங்களை இழந்தேன்.

சாலை

எங்கள் பாதை கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் திசையில் 20 கி.மீ. சென்று திரும்புவது. சனவரியில் இந்தக் கரையில் வடகிழக்குக் காற்று வீசும் என்பதால், தெற்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளுகிறது; திரும்பும்போது மார்பில் அறைகிறது. சவுக்குத் தோப்புகள் வேகமாகப் பின்னே நகர்வதைப் பார்த்து, மணிக்கு 33 கி.மீ. வேகம் என் கால்களின் திறமை என்று நம்பினேன். திரும்பும் பாதையில் அதே முயற்சிக்கு 24-ஐத் தாண்ட முடியவில்லை. வேகமானியைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிப் பேச முடிகிற அளவிலேயே முதல் பாதியைக் கடப்பது புதியவருக்கு நல்லது. முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துக்கொள்வது இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி விட வேண்டியிருக்கும், சரியான அளவைப் போட்டிக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் கேட்டறியுங்கள்.

உப்பு விழுங்கிய வாயின் வறட்சியில், முதல் 10 கி.மீ. தூரத்துக்குள் 750 மி.லி. தண்ணீரையும் குடித்து முடித்தேன். தண்ணீரில் கலப்பதற்காகக் கொண்டுவந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் காரிலேயே கிடந்தன. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். கடுமையானால் அது உயிருக்கே ஆபத்தாகும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி அமைந்த ஓ.ஆர்.எஸ். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கலக்க வேண்டும். அதை ஒரு பாட்டிலிலும் வெறும் தண்ணீரை மற்றொன்றிலும் வைத்து, கடலிலிருந்து ஏறியதும் முதலில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு மட்டும் குடியுங்கள். மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம் தேவைப்படும். வாழைப்பழமும் பேரீச்சையும் கடலைமிட்டாயும் இதற்கு நன்றாகவே உதவுகின்றன, எதுவாயினும் பயிற்சியில் தின்று பார்த்ததாக இருக்கட்டும்.

28-ஆவது கிலோமீட்டரில் பின்சக்கரம் இறங்கியது. மாற்ற ட்யூப் இல்லை. சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, சைக்கிளைக் கவிழ்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி ட்யூபை உருவினேன். பெரியவர் சொன்னபடி டயருக்குள் விரலை மெதுவாகச் செலுத்தித் தடவியபோது, சீமைக்கருவேல முள்ளின் முனை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெளியே பிடுங்கிவிட்டு, தேய்த்து, தடவி, காத்திருந்து, ஒட்டினேன். மொத்தம் 17 நிமிடம். அதில் நான்கு நிமிடம் சொல்யூஷன் காய்வதற்காகக் கைகட்டி நின்றவை. கடந்து செல்லும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தபடி அந்த நான்கு நிமிடம் அவசரப்படாமல் நின்றதே, அன்று நான் செய்தவற்றில் மிகச் சரியான செயல் என்று இன்றும் கருதுகிறேன்.

ஓட்டம்

சைக்கிளிலிருந்து இறங்கியதும் தொடைகள் வேறொருவருடையவை போலக் கனக்கும். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அது தணிந்துவிடும் என்பதை முன்பே பழகி அறிந்தவர் அஞ்ச மாட்டார். சைக்கிள் பகுதியின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரைக் குறைத்துக் கால்களை வேகமாகச் சுழற்றுவது இந்தக் கனத்தைக் குறைக்கும். வயிற்றில் தண்ணீர் குலுங்கி விலாவில் பிடிப்பு வந்தபோது, நான் நடைக்கு மாறி, மூச்சை முழுமையாக வெளியே விட்டுக்கொண்டே 600 மீட்டர் நடந்தேன், பிடிப்பு விட்டது. நடப்பது விதிமீறல் அன்று. ஒவ்வொரு நீர் மேசையிலும் ஒரு குவளையை வாய்க்கும் ஒன்றைத் தலைக்குமாகப் பயன்படுத்துங்கள்.

வெயிலைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2016-இல் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நடந்த டிரையத்லானில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஜானி பிரவுன்லீ, முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பாக வெப்பத்தால் நிலைகுலைந்து, அவருடைய அண்ணன் அலிஸ்டர் தாங்கிப் பிடிக்க இரண்டாவதாக முடித்தார். உலகின் தலைசிறந்த உடலுக்கே அது நேர்ந்தது. வெயிலில் உடல் சிலிர்ப்பது, பேச்சுக் குழறுவது, நேராக ஓட முடியாமல் சாய்வது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நின்று, நிழலுக்குச் சென்று, மருத்துவக் குழுவை அழையுங்கள்.

நான் 4 மணி 9 நிமிடத்தில் முடித்தேன். முடித்தவுடன் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடந்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் குடித்து, ஈர உடையை மாற்றிக்கொள்ளுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாமல் கழுவி மூடிவையுங்கள். கடல் உப்பு செயினை ஓரிரு நாளில் துருப்பிடிக்கச் செய்துவிடும் என்பதால், அன்று மாலையே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

திரும்பும் வழியில் அந்தப் பெரியவரின் கடையில் காரை நிறுத்தி, ட்யூபைக் கழற்றிக் காட்டினேன். ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் பிடிச்சிருக்கு தம்பி. உப்புத்தாளை இன்னும் கொஞ்சம் அகலமா தேய்ச்சிருக்கணும்” என்றார்.